அறுந்து போகாத வயர்

'தடால்' என்று சத்தம் கேட்டு அந்தோனியம்மாள் கையில் கரண்டியோடு ஹாலுக்கு ஓடிவந்தாள்.

டெலிபோன் தரையில் மல்லாந்து கிடந்தது. அதன் பக்கத்தில் கணவர் சூசைநாதன் குப்புறக் கிடந்தார். சுவரிலிருந்து பிய்ந்து வந்த டெலிபோன் வயர் அவருடைய கணுக்காலைச் சுற்றியிருந்தது.

அந்தோனியம்மாள் முதலில் டெலிபோனைத்தான் தூக்கினாள். காதில் வைத்துக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார் சூசைநாதன், யாரும் கேட்காமலே.

"உங்களுக்கு என்ன ஆகும்? இதுலதான் மூச்சே இல்ல. இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுமில்ல?"

தெரியும். ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து, மத்தியானம் சாப்பிட உட்காருவதற்குள், பெர்த்திலிருந்து மகன் எட்மண்ட் கூப்பிட வேண்டும். வேலை கிடைத்து விமானம் ஏறும்போது அவனே செய்த ஏற்பாடு அது.

முதல் வருஷம் எட்மண்ட் தவறாமல் கூப்பிட்டான். பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. பிறகு பண்டிகைக்கு. இப்போது சில மாதங்களாக மணி அடிக்கவே இல்லை. கடிதம் எழுதும் பழக்கமும் அவனுக்குக் கிடையாது. இதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஞாயிறு வந்தால் அந்தோனியம்மாள் டெலிபோன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். செபமாலை உருட்டுவாள். மேலே சுவரில் அந்தோனியார் படம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். மீன் குழம்பு ஆறி ஆடை கட்டும். சாயங்காலம் ஆனதும் எழுந்து, "பசிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

ஒரு தடவை சூசைநாதன் டெலிபோன் ஆபீஸுக்கே போய் வெளிநாட்டு லைன் போட்டுப் பேசப்போனார். மழையில் நனைந்து திரும்பி வந்தார். "லைன் கிடைக்கல" என்றார். அன்றைக்கு முழுவதும் வேறெதுவும் பேசவில்லை. குடை கொண்டு போகாததற்கு அந்தோனியம்மாள் திட்டியபோதுகூடப் பேசவில்லை.

"இந்த நேரம் பாத்தா விழணும்?" என்றாள் இப்போது. "பிள்ளை அங்க நம்பரைச் சுத்திக்கிட்டு இருப்பான். மணி அடிக்குது, யாரும் எடுக்கலையேன்னு தவிப்பான்."

சூசைநாதன் முழங்காலைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"தவிப்பானா?"

"பின்னே? அம்மாவுக்கு என்னமோ ஏதோன்னு பயந்திருப்பான். திரும்பத் திரும்பச் சுத்திருப்பான். விரல் நொந்திருக்கும், பாவம்."

திட்டிக்கொண்டே சோறு போட்டாள். திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். மறுசோறு வாங்கினாள். கோபம் வந்தால் பசிக்கும் போலிருக்கிறது. சூசைநாதன் தன் தட்டில் கை வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தட்டிலிருந்த வஞ்சிரத் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"தப்பு பண்ணிட்டுத் தாஜா பண்றீங்களா?"

"ஆமா, எட்மண்டம்மா. சாப்பிடு."

மறுநாள் அவள் டெலிபோன் ஆபீஸுக்குச் சொல்லச் சொன்னாள். சூசைநாதன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வயரைப் பிச்சது யாருன்னு கேப்பாங்க. ஃபைன் போட்டாலும் போடுவாங்க. இந்த ஊர்ல எதுக்கு ஃபைன் இல்ல? நானே கடையில வாங்கிப் போட்டுடறேன்."

அவர் துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆணி வாங்கினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ரோட்டைத் தாண்டினால் சந்துக்குள் நெய்னா முகம்மதுவின் எலெக்ட்ரிக் கடை. அங்கே போனவர் வெகுநேரம் வரவில்லை.

பக்கத்து வீட்டு ரூபிதான் வந்து சொன்னாள். ரூபி நர்ஸ் வேலை பார்ப்பவள். எந்தச் செய்தியையும் அவசரச் சிகிச்சைக்கு வந்தது போலத்தான் கொண்டுவருவாள். முடிக்கும்போது இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போடுவாள்.

"ஆன்ட்டி, அங்கிளைக் கடையில பாத்தேன். ஒவ்வொரு வயரா எடுத்து இழுக்கறார், மடக்கறார், நகத்தால சுரண்டிப் பாக்கறார். கடைக்காரர் டயர்டா உக்காந்துட்டார் லா."

"அவர் அப்படித்தான்" என்றாள் அந்தோனியம்மாள், கொஞ்சம் பெருமையாக. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான். மூணு தடவை வந்தார்."

வெள்ளை நிற வயர் வந்தது. ரொம்ப நீளம். ஹாலிலிருந்து சமையலறை வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் இழுக்கலாம்.

"இனிமே நீ ஸ்டூல் போட்டு உக்கார வேணாம். நீ எங்க போறியோ போனும் உன் கூட வரும்" என்றார் சூசைநாதன்.

அடுத்த ஞாயிறு டெலிபோன் நடமாட ஆரம்பித்தது. அவள் மீன் கழுவும்போது தொட்டியருகே இருந்தது. துணி காயப்போடும்போது ஜன்னலருகே இருந்தது. சூசைநாதன் ஒரு கையில் அதைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் வயரைச் சுருட்டிக்கொண்டு, பூசையில் தூபம் பிடிப்பவர் மாதிரி பின்னாலேயே போனார். அவள் ரூபியோடு பேச வாசலுக்குப் போனபோது டெலிபோனும் வாசலுக்குப் போனது. திரும்பி உள்ளே வரும்போது சூசைநாதன் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

'நறுக்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ, பாதி வயர் வெளியில இருக்கு" என்றார்.

"பாதிப் புத்தியும் வெளியிலதான் இருக்கு" என்றாள் அந்தோனியம்மாள். "இன்னைக்கும் கூப்பிட்டிருப்பானே. போன வாரமும் கிடைக்கல, இந்த வாரமும் கிடைக்கலைன்னா என்ன நினைப்பான்?"

"கவலையா இருப்பான்."

"கண்டிப்பா இருப்பான். சின்ன வயசுலயே அவன் அப்படித்தான். நான் மார்க்கெட்டுல இருந்து வர லேட்டானா கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்."

அந்தக் கதையைச் சாப்பிட்டு முடியும் வரைக்கும் சொன்னாள். சாப்பிட்ட பிறகும் சொன்னாள். சாயங்காலம் ரூபியிடம் போய், எட்மண்ட் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான், அவனுக்கு அந்த ஊர்க் குளிரில் இருமல் வந்திருக்கும், அதைத்தான் சொல்லக் கூப்பிட்டிருப்பான் என்று நேரில் பேசி முடித்தவள் போல விவரித்தாள்.

மறுபடியும் நெய்னா கடை. மறுபடியும் இழுத்துப் பார்த்து, மடக்கிப் பார்த்து, இந்தத் தடவை சாம்பல் நிறத்தில் ஒன்று. அதற்கு அடுத்த ஞாயிறு பூசைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சூசைநாதன், இஸ்திரிப் பெட்டியை வயர் மேலேயே வைத்துவிட்டார். ரப்பர் கருகி வீடெல்லாம் நாறியது. சட்டையும் போயிற்று. அவருக்கு இருந்த ஒரே வெள்ளைச் சட்டை அது.

"கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

"மணி அடிக்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தேனா, காதைத் தீட்டினதுல கண்ணை விட்டுட்டேன்."

அன்றைக்கு அவர் கோடு போட்ட சட்டையில் பூசைக்குப் போனார். சாமியார் திரும்பிப் பார்த்தார்.

நாலாவது வயரை அந்தோனியம்மாள் யாரையும் தொடவிடவில்லை. தானே சுவரோரமாக ஓடவிட்டு டேப் ஒட்டினாள். இஸ்திரிப் பெட்டியை அலமாரிக்கு மேலே ஏற்றினாள். ஞாயிறு காலை இருவரும் கோயிலுக்குப் போனார்கள். பிரசங்கம் ஆரம்பிக்கும்போது சூசைநாதன், குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். பூசை முடிந்து வந்து பார்த்தால் வயர் அலமாரிக்குப் பின்னால் துண்டாகிக் கிடந்தது.

சூசைநாதன் குனிந்து ஆராய்ந்தார். "எலி."

"பத்தாவது மாடியிலயா?"

"லிஃப்ட்ல வந்திருக்கும்."

அதற்காக எலி பிடிக்கும் பசை அட்டை வாங்கி வாசல் பக்கம் வைத்தார். அதில் எலி விழவில்லை. நைட் டியூட்டி முடிந்து, ஆன்ட்டிக்கு அப்பம் கொண்டுவந்த ரூபி விழுந்தாள். ஒரு கால் செருப்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் செருப்பு அங்கேயே நின்றது, ரூபி மட்டும் வந்தாள், அப்பம் ரூபிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. பசை ஒட்டிய அவள் பாதத்தை அந்தோனியம்மாள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

"ஆன்ட்டி, எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" என்றாள் ரூபி, மூக்கைப் பொத்திக்கொண்டு. "என் நம்பரை எட்மண்டுக்குக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல வந்து உக்காருங்க. சிம்பிள் லா."

அந்தோனியம்மாளின் முகம் மலர்ந்தது. "இது ஏன் எனக்குத் தோணல?"

"அடுத்தவங்க வீட்டுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார் சூசைநாதன் அவசரமாக.

"தொந்தரவு இல்ல அங்கிள். இந்தப் பசையை விடவா தொந்தரவு?"

நம்பரை எட்மண்டிடம் சொல்ல யார் போவது? சூசைநாதன்தான் போனார், டெலிபோன் ஆபீஸுக்கு, இந்தத் தடவை குடையோடு. மழை இல்லை. ஆனாலும் நனைந்தவர் போலத்தான் திரும்பி வந்தார்.

"கிடைச்சானா?"

"ம். நம்பர் சொல்லிட்டேன்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"கம்மிப்போயிருந்துச்சு."

"நான் சொல்லல? இருமல்னு சொன்னேனே. என்னைக் கேட்டானா?"

சூசைநாதன் குடையை விரித்துக் காய வைத்தார். அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"கேட்டான். அம்மா நல்லாச் சாப்பிடறாங்களான்னு கேட்டான்."

அந்த வாரம் முழுக்க அவள் நல்லாச் சாப்பிட்டாள்.

ஞாயிறு வந்தது. அந்தோனியம்மாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு ரூபி வீட்டு சோபாவில், டெலிபோனைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தாள். கையில் செபமாலை. சூசைநாதனுக்கு ரூபி ஆடும் நாற்காலியைப் போட்டாள். அவர் ஆடினார். நேரம் போயிற்று. ரூபி காப்பி கொடுத்தாள். நேரம் போயிற்று. அந்தோனியம்மாளின் செபமாலை வேகம் குறைந்தது. முகத்தில் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் சாம்பல் நிறம் மெல்ல ஏறியது.

"டயம் தாண்டிடுச்சோ?" என்றாள் சின்னக் குரலில்.

சூசைநாதன் அவளைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டார். வேகமாக ஆடினார்.

'கிர்ரிக்.'

நாற்காலியின் வளைந்த காலுக்கடியில் ரூபியின் டெலிபோன் வயர் நைந்து, செம்புக் கம்பி பல்லைக் காட்டியது.

ரூபி ரிசீவரை எடுத்துக் கேட்டாள். கீழே வைத்தாள். "அங்கிள், நீங்க மனுஷனா, புல்டோசரா?"

"நெய்னா கடையில வாங்கி நானே போட்டுத் தரேன்மா."

"வேணாம். உங்க வயர் எதுவும் வேணாம். எங்க வீட்டுப் பக்கமே வராதீங்க லா."

வீட்டுக்கு வந்ததும் அந்தோனியம்மாள் கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்து, அறுந்து போன வயர்களையெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையும் தூக்கிப்போடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தா அடிச்சிருக்கும்" என்றாள்.

"அடிச்சிருக்கும்."

"எனக்கு நெஞ்சுல தெரிஞ்சுச்சு. சரியா அந்த நேரம் அறுந்துபோச்சு." வெள்ளை வயரை இரண்டு விரலால் மடக்கினாள். மொறுமொறுவென்று அப்பளம் மாதிரி விரிசல் விட்டது. அவள் நிமிர்ந்தாள். "இது என்ன வயரு? இவ்வளவு பாத்துப் பாத்து வாங்கற மனுஷனுக்கு இந்தக் குப்பையா கிடைக்கும்? அந்த நெய்னா உங்களை ஏமாத்தறான்."

சூசைநாதன் எழுந்தே நின்றுவிட்டார். "சேச்சே. நெய்னா தங்கமான மனுஷன்."

"தங்கமான மனுஷன் விக்கிற தகரமா இது? நீங்க இனிமே போக வேணாம். நானே போறேன். கப்பலைக் கட்டி இழுக்கற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வரேன்."

"மழை வரும்."

"குடை இருக்கு."

"உனக்கு முழங்கால் வலி."

"விழுந்தது நீங்க."

"நெய்னா ஊருக்குப் போயிட்டான்னு கேள்வி."

"நேத்து மார்க்கெட்டுல சலாம் சொன்னாரே."

அந்த வாரம் சூசைநாதன் அவளை விட்டு நகரவே இல்லை. அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினார். கடைத் தெருவுக்குப் போனால் நெய்னா கடை இருக்கும் சந்துப் பக்கம் போகாமல் வேறு வழியாக அழைத்துப் போனார். சனிக்கிழமை முடி வெட்டப் போக வேண்டியிருந்தது. காதுக்கு மேல் முடி வளர்ந்திருக்கிறது, கோடு போட்ட சட்டை வேறு, சாமியார் என்ன நினைப்பார் என்று அவளேதான் அனுப்பினாள். அவர் லிஃப்டில் இறங்கிய கையோடு, அறுந்த வயர்களைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு அவளும் இறங்கினாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தேக்கா முழுக்கச் சனிக்கிழமைக் கூட்டம். பூக்கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சேற்றைத் தாண்டித் தாண்டி அவள் சந்துக்குள் நுழைந்தாள்.

நெய்னா முகம்மது சொங்கோக் தொப்பியும் கைலியுமாகக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் கொத்துக் கொத்தாக வயர்கள், புடலங்காய்ப் பந்தல் மாதிரி தொங்கின.

"வாங்கம்மா. சூசை அண்ணன் வீட்டம்மாதானே? அண்ணன் வரலையா?"

அந்தோனியம்மாள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கண்ணாடி மேசை முழுக்க வயர்த் துண்டுகள்.

"உங்க அல்லாவுக்கும் எங்க அந்தோனியாருக்கும் பொதுவாக் கேக்கறேன். ஒரு வயசான மனுஷனுக்கு இப்படியா விப்பீங்க?"

நெய்னா ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

"என் பிள்ளை வெளிநாட்டுல இருக்கான். வாரம் பூரா காத்திருந்து ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் கூப்பிடுவான். ஒவ்வொரு ஞாயிறும் உங்க வயரு அறுந்து போகுது. அவன் அங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சு போறான். நான் இங்க அவன் குரலைக் கேட்டு எத்தனை மாசமாச்சு தெரியுமா? பாவம் இல்லையா அது?"

"பாவம்தாம்மா."

"அப்ப நல்ல வயர் உங்க கடையில இல்லவே இல்லையா?"

நெய்னா ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து கறுப்பாக ஒரு சுருளை இறக்கினார். கட்டை விரல் தடிமன். மேசை மேல் வைத்தபோது கண்ணாடி அதிர்ந்தது.

"இதைப் பாருங்க. ரெண்டு ரப்பர் உறை. உள்ள முறுக்கின செம்பு. மடக்கிப் பாருங்க. மிதிங்க, கதவுல வெச்சு நசுக்குங்க, ஒண்ணும் ஆகாது. நம்ம ரெண்டு பேர் காலத்துக்கும் போதும்."

அந்தோனியம்மாள் மடக்கினாள். இழுத்தாள். முழு பலத்தோடு இழுத்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை. நாளைக்கு ஞாயிறு. நாளைக்கு மணி அடித்தால் கேட்கும். அவள் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு நல்ல சரக்கை மேல ஒளிச்சு வெச்சுட்டு அவர் தலையில குப்பையைக் கட்டியிருக்கீங்களே."

"ஒளிக்கலம்மா. முதல் நாளே இதைத்தான் எடுத்துப் போட்டேன். அண்ணன் வேணாம்னுட்டார்."

"விலையைப் பாத்துப் பயந்திருப்பார்."

"விலையே கேக்கல."

"பின்னே எதுக்கு வேணாம்னார்? அரை நாள் உக்காந்து இழுத்து இழுத்துப் பாத்துதானே ஒவ்வொண்ணையும் வாங்கினார்? உங்க கண்ணு முன்னாலதானே பாத்தார்?"

நெய்னா முகம்மது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். வெளியே மழையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஆமாம்மா, இழுத்து இழுத்துத்தான் பாப்பாரு... 'ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காத வயர் இதுல எது, நெய்னா?'ன்னு கேட்டுக் கேட்டுத்தானே ஒவ்வொரு வாரமும் வாங்கிட்டுப் போறாரு."